அக்கா எடுத்துக் கொடுத்த வசனம்

மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று பஸ் டிரைவர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கியது. நம் மேக்கப் அண்ணனின் மச்சான் என்பதற்காகச் சொல்லவில்லை, மனிதர் தங்கமானவர். இனி நம் கடிதங்கள் அவருடைய சீட்டுக்கு அடியில்தான் எல்லை தாண்டும். தபாலில் மட்டும் எதுவும் போட்டுவிடாதே. இங்கே வருகிற தபாலையெல்லாம் நமக்கு முன்னால் வேறு யாரோ படித்துவிடுகிறார்கள்.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அதுவரை சொல்லலாம். அரங்கத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அன்றைக்கே கொண்டுபோன டைரக்டரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இதுவரை தெரியவில்லை. அவர் மனைவி மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்குகிறார். மூட்டையை வாங்கிக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார்களாம், அவர் இங்கே இல்லை என்று சொல்லவும் மாட்டேன் என்கிறார்களாம்.

நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ஒருவர் காலையில் வந்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை ஒரே பேப்பரைப் படிக்கிறார். அவ்வளவு படித்தால் பரீட்சையே எழுதலாம். கடைக்காரர் அவருக்கென்று தனியாக ஒரு டம்ளரே வைத்துவிட்டார். உன் அத்தான் முதல் நாள் ஜன்னலைச் சாத்தினார். சாத்தினால் சந்தேகம் வரும் என்று மறுநாள் திறந்தார். இப்போது பாதி திறந்து வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. மாடிப்படியில் யாராவது செருப்புச் சத்தத்தோடு ஏறினால் அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போகிறதோ. துண்டும் பல் துலக்குகிற பிரஷ்ஷும் போட்டு ஒரு சின்னப் பையைக் கதவோரம் வைத்திருக்கிறேன். வாலு கேட்டதற்கு வெளியூர் போகிற பை என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் பொய்.

ஊர் என்னென்னவோ பேசுகிறது. நமக்குள்ளாவது நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அந்த வசனம் நம் நாடகத்திலேயே இல்லை. முதல் காட்சி நடக்கிற அன்று மத்தியானம் நாடகத்துக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்காரர்கள் வந்து சேர்க்கச் சொன்னது. தளபதி அரியணைக்கு முன்னால் மண்டியிட்டு, "மன்னா, எங்கள் மூச்சும் உங்கள் கொடை" என்று சொல்ல வேண்டும். இரண்டு மாதம் அது இல்லாமலே ஒத்திகை பார்த்தவன் நீ. மண்டியிட்டாய், வாயைத் திறந்தாய், வசனம் மறந்துவிட்டது. உன் கண் என் பக்கம் ஓடியதே, அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பூனை வேஷம் போட்டுக்கொண்டு நின்றாயே, அதே முழி. நான் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். மூன்றாவது தடவை லைட் அண்ணன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கொடுத்தேன். பயத்தில் உனக்குக் காது அடைத்துப் போயிருந்தது.

நீ வேண்டுமென்றே சொல்ல மறுக்கிறாய் என்று நினைத்துப் பின் வரிசையில் யாரோ ஒரு புண்ணியவான் கை தட்டினார். அப்புறம் சபையே எழுந்து நின்று தட்டியது. முன் வரிசையில் மந்திரி உட்கார்ந்திருக்கிறார். அப்போதாவது கல்லு மாதிரி இருந்திருக்கக் கூடாதா? கைதட்டல் கேட்டால் முதுகு தானாக வளைகிற பழக்கம் உன்னை விட்டால்தானே. எழுந்து, அரியணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சபையைப் பார்த்துக் கும்பிட்டாய். மேக்கப் அண்ணன் மட்டும் சாமான் அறைக் கதவு வழியாக உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதியிருப்பேனோ.

இப்போது உனக்கு ஊரில் மௌனத் தளபதி என்று பெயர். கூட்டங்களில் தலைவரை வாழ்த்தச் சொன்னால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலரை அதற்காகவே அள்ளிக்கொண்டு போனார்களாம். நம் ஆடை தைக்கிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பியாலதான் நாங்க தலை நிமிர்ந்து நடக்கறோம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தம்பி, டைரக்டர் மேல் இருக்கிற கேஸே, திட்டம் போட்டு உன்னை மௌனமாக நிற்க வைத்தார் என்பதுதான். மறதிக்கு யாராவது திட்டம் போடுவார்களா? அதனால் ஒரே ஒரு வரி எழுது. "நான் வசனத்தை மறந்துவிட்டேன்." கையெழுத்துப் போட்டு அந்த ஊர்ப் பேப்பரில் வரும்படி செய். அது இங்கே வந்து சேர்ந்துவிடும். உனக்கு எத்தனையோ வசனம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டிரைவர் கையில் பார்த்ததுமே பாதி உயிர் வந்துவிட்டது. படித்து முடித்தபோது வந்த உயிர் போய்விட்டது. அந்தப் பையைக் கதவோரத்திலிருந்து எடுத்து உள்ளே வை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சலவைக் கடைக்கு மேல் எனக்கு அறை கொடுத்திருக்கிறார்கள். கீழே இஸ்திரி போட்டுக்கொண்டே இருப்பதால் தரை எந்த நேரமும் வெதுவெதுப்பாக இருக்கிறது. மாட்டிக்கொண்டு வந்த தளபதி பூட்ஸைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறேன். நான் நடந்து போனால் தெருவில் பிள்ளைகள் சல்யூட் அடிக்கிறார்கள். அத்தானிடம் சொல், சிரிக்கட்டும்.

இந்த ஊர் நாடக அரங்கத்தின் தலைவி நான் வந்த மறுநாளே பூங்கொத்தும் பத்திரிகைக்காரர்களுமாக வந்து நின்றார். "அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டார்கள். அடுத்த வரி என்ன என்பதுதான் ஓடியது என்று சொல்ல வாயைத் திறந்தேன் அக்கா, சத்தியமாகத் திறந்தேன். சொல் வரவில்லை. நான் பேசாமல் நின்றதையும் பெரிய பதிலாக எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார்கள். இப்போது தினமும் சாயங்காலம் அதே அரங்கத்தில் மண்டியிட்டு, வாயைத் திறந்து, பேசாமல் எழுந்து நிற்கிறேன். ஜனங்கள் அழுகிறார்கள். வாழ்நாளில் வசனம் பேசி நான் வாங்காத பெயரை, பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்ன வரியை எழுதுவதற்கு ஒரு தடை இருக்கிறது. அடைக்கலம் கேட்டு இங்கே மனுப் போட்டிருக்கிறேன். விசாரிக்கிறவர் நல்ல மனிதர்தான், ஆனால் துருவித் துருவிக் கேட்கிறார். நான் எதிர்த்து நின்றவன் என்பதால்தான் இங்கே இடம். மறந்து நின்றவன் என்று தெரிந்தால், "அப்படின்னா திரும்பிப் போய் விளக்கம் சொல்லுங்களேன்" என்று பஸ் ஏற்றிவிடுவார்கள். விளக்கம் கேட்கிறவர்களா அவர்கள்? டைரக்டரையே எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லாதவர்கள் என்னை என்ன செய்வார்கள்? கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்த பிறகுதான் படுக்கிறேன். என் பூட்ஸ் சத்தமே என்னைப் பயமுறுத்துகிறது.

மனு முடிவாகட்டும். அதற்கு அப்புறம் நீ சொன்னபடி எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள், அக்கா. வாலுவுக்கு ஒரு முத்தம்.

உன்
தம்பி

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொறுத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடி, உதை, இருட்டறை என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போனால் ஜன்னலில் பூச்செடி. விசாரணை அதிகாரி எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். வார்த்தைக்கு வார்த்தை அம்மா என்கிறார். நான் அவருக்கு மரியாதைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். கத்துகிறவராக இருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அந்த மரியாதையில்தான் எனக்குப் பயம் வந்தது.

"உங்க பொண்ணு நல்லா வரையறாளாமே? போன வாரம் ஸ்கூல்ல வீடு வரைஞ்சாளாம், ஜன்னல் பாதி திறந்திருந்துச்சாம்" என்றார். எங்கள் வீட்டு ஜன்னல், தம்பி. என் குழந்தை வரைந்த படம் அவர் மேசைக்கு எப்படிப் போனது? அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் தூரத்தில் கேட்பது போலத்தான் கேட்டது.

ஒரு தாளை நகர்த்தி வைத்தார். டைரக்டர் சொன்னதால் நான் வேண்டுமென்றே வசனம் எடுத்துக் கொடுக்கவில்லை என்று அதில் இருந்தது. "நீங்க சொன்னதைச் செய்யறவங்க. உங்க மேல எங்களுக்குக் கோபமே இல்லம்மா. கையெழுத்து போட்டீங்கன்னா நீங்க சாட்சி. போடலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"எடுத்துக் கொடுத்தேங்க. மூணு தடவை கொடுத்தேன்" என்றேன்.

"யாருக்குக் கேட்டுச்சு?"

லைட் அண்ணனைச் சொன்னேன். அவரை ஏற்கெனவே கேட்டுவிட்டார்களாம். "நான் லைட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், ஒண்ணும் கேக்கல" என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கைக்குழந்தைகள். ஆனாலும் திரும்பிப் பார்த்த மனிதர் அவர். நடிப்பவருக்குக் கேட்க வேண்டும், சபைக்குக் கேட்கக் கூடாது, அதுதானே என் வேலை? இத்தனை வருஷமாக அதை ஒழுங்காகச் செய்ததுதான் இப்போது எனக்கே வினையாக வந்து நிற்கிறது.

யோசிக்க அவகாசம் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார். உன் அத்தானைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் லீவு போடச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு பழைய பரீட்சைத் தாள்களை மறுபடியும் திருத்துகிறார். பக்கத்து வீட்டுக்காரி என் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

நான் தைரியசாலி இல்லை. உனக்கே தெரியும், மேடை வெளிச்சத்துக்குப் பயந்துதானே திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன். டைரக்டரின் மனைவி துணி மூட்டையோடு எதிரே வந்தார். "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

உன் வரி வந்தால் எனக்கு இந்தத் தாள் வேண்டாம். நான் வசனத்தை மறந்துவிட்டேன். நான்கு சொல் கூட இல்லை, தம்பி. இந்த டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்பு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படி.

அடுத்த மாதம் என் மனு முடிவாகும் என்கிறார்கள். இந்த நேரத்தில் அந்த வரியை எழுதினால் என் கழுத்தை நானே நீட்டுவதுதான். எழுதினாலும் அவர்கள் நம்புவார்கள் என்று என்ன நிச்சயம்? நீ மிரட்டி வாங்கினாய் என்று அதையும் உன் மேலேயே திருப்பினால்?

யோசித்துப் பார். டைரக்டர் எப்படியும் உள்ளேதான் இருக்கிறார். நீ போட்டாலும் போடாவிட்டாலும் அவரை அவர்கள் விடப் போவதில்லை. அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. உனக்கு வாலு இருக்கிறாள், அத்தான் இருக்கிறார். அவரிடமே கேட்டிருந்தால் போட்டுவிடு என்றுதான் சொல்லியிருப்பார். தெரிந்தவர்கள் யாரும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கையெழுத்தைப் போட்டுவிடு, அக்கா. போட்டுவிட்டு எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள். காலமெல்லாம் உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் கிழிப்பதற்குள் டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன்
தம்பி

ஏப்ரல் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். உன் அத்தானிடம் கொடுக்கவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ அரங்கத்தில் நின்றபோது உனக்கு நான் சொன்னது கேட்கவில்லை. அதற்காக உன் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. இந்தத் தடவை நன்றாகக் கேட்டிருக்கிறது.

நம் அரங்கத்தில் உன் முதல் வேஷத்துக்கு மீசை ஒட்டிவிட்டவர் டைரக்டர். மீசை பாதியில் கழன்று விழுந்தபோது சபை சிரித்தது, நீ மேடையிலேயே அழுதாய். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மேடைக்கே ஏறி வந்து, அதுவும் நாடகம்தான் என்பது போல உன் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்கா

ஏப்ரல் 11

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தோடு மூன்று பேர் வந்து இறங்குவார்கள். அதனால் பதறாமல் படி.

நானே மரியாதைக்காரரிடம் போனேன். தாளில் கையெழுத்துப் போட மாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். நான் மூன்று தடவை எடுத்துக் கொடுத்ததையும், புது வசனம் என்பதால் நீ மறந்ததையும், பழக்க தோஷத்தில் கும்பிட்டதையும், பூனை வேஷம் வரைக்கும் சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

அவர் முதலில் முறைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "மறந்துட்டானா? ஊரே தூக்கி வெச்சு ஆடுதே, அந்த ஆளு மறந்துட்டானா?" என்கிறார். சதி, திட்டம் எல்லாவற்றையும் விட இது அவருக்குப் பிடித்துவிட்டது. ஊர் சிரித்தால் போதும், அப்புறம் எவன் வாயை மூடிக்கொண்டு நிற்பான் என்றார்.

இதை நான் ரேடியோவில் சொல்ல வேண்டுமாம். சொன்னால் கேஸே இல்லை என்றார். டைரக்டரை முதலில் விடுங்கள், அவர் வீட்டில் இருப்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. தன் கையில் இருக்கிற ஊரைத் தாண்டி டைரக்டர் எங்கே போய்விடுவார் என்று நினைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டார். டைரக்டர் நேற்று வீட்டுக்கு வந்தார். பாதியாக இளைத்திருக்கிறார், இடது கை விரல்களை மடக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும், "அன்னைக்கு நீ மூணாவது தடவை கொடுத்தது கொஞ்சம் சத்தம் அதிகம்" என்றார். அவருக்குக் கேட்டிருக்கிறது. அத்தனை நாள் உள்ளே இருந்தும் உன்னை மறதிக்காரன் என்று அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஜனங்க கைதட்டினதைப் பார்த்தேன்மா" என்றார்.

மேக்கப் அண்ணன் இன்று தன் பெட்டியைத் திறந்தார். மேக்கப் தூக்கலாக இருக்கிறது என்று வாழ்நாள் பூராவும் அவரைத் திட்டிய டைரக்டர், இப்போது உன் அத்தானின் தாயாராகச் சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறப் போகிறார். உட்காரும்போது காலை அகட்டாதீர்கள் என்று அண்ணன் பத்துத் தடவை சொல்லிவிட்டார். டைரக்டரின் மனைவி முன்னமே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தோடு வேறு வழியாகப் போய்விட்டார். உன் அத்தான் கிளம்பவே மாட்டேன் என்றார். வாலுவைத் தனியாக அனுப்பவா என்று கேட்டேன், சட்டையை மடிக்க ஆரம்பித்தார். குழந்தைக்கு லீவு, பாட்டி வீட்டுக்கு என்று எல்லை தாண்டுகிற பாஸ் வாங்கியிருக்கிறோம். நான் சேர்ந்து கிளம்பினால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். அதனால் ரேடியோவில் படித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

படிக்க வேண்டிய தாளை இன்று கொடுத்தார்கள். மறந்தான் என்பதோடு நிற்கவில்லை. நீ குடிகாரனாம், வெளியூர்க்காரர்களிடம் கைநீட்டிப் பணம் வாங்கியவனாம், உன் பின்னால் நிற்கிறவர்கள் முட்டாள்களாம். எல்லாம் என் வாயால். ரெக்கார்டு செய்து போடலாமே என்றேன். "வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிடுவாங்கம்மா, நேரடியாப் பேசினாத்தான் நம்புவாங்க" என்றார். நாளை மறுநாள் சாயங்காலம், செய்திக்கு அப்புறம். அங்கே உனக்கும் ரேடியோ எடுக்கும்.

இது வெளியே வந்தால் உனக்கு அங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் என் இரண்டு உயிரை உன்னிடம்தான் அனுப்புகிறேன், வேறு யாரிடம் அனுப்புவேன்?

வாலு படுத்ததும் தூங்க மாட்டாள். கதை சொல்ல வேண்டும், பாதியில் வேறு கதைக்குத் தாவினால் கண்டுபிடித்துவிடுவாள். உன் அத்தானுக்குச் சளி பிடித்திருக்கிறது. எனக்கு ஜன்னல் பக்கமாக ஒரு கட்டில் போட்டு வை. ஜன்னலை முழுசாகத் திறந்து வை.

பயமாக இருக்கிறது, தம்பி.

உன்
அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். டைரக்டர் பஸ்ஸில் காலை அகட்டித்தான் உட்கார்ந்தாராம். வாலு வழியெல்லாம் அவரைப் பாட்டி பாட்டி என்று கூப்பிட்டுக் காப்பாற்றியிருக்கிறாள். அத்தானுக்குச் சளி குறைந்திருக்கிறது.

சலவைக் கடைக்காரரிடம் ரேடியோவை இரவல் வாங்கி வைத்திருந்தோம். உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அக்கா வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். உனக்காக இல்லை, எனக்காக. நீ அந்தத் தாளைப் படித்தால் நாளைக்கே என்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. பக்கத்தில் உன் மகள் உட்கார்ந்திருக்கிறாள், நான் அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செய்தி முடிந்தது. மௌன நாடகத்தின் உண்மையை அந்த நடிகரின் சொந்த அக்காவே சொல்லப் போகிறார் என்று ஒருவர் அறிவித்தார். தாள் புரளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. வாலு ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு, "அம்மாதான். அம்மா மூச்சு விடறாங்க" என்றாள்.

உள்ளே தள்ளி யாரோ, "பேசுங்கம்மா" என்றது கேட்டது. கொஞ்சம் கழித்து, "பேசுங்க." அதற்கு அப்புறம், "பேசு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அக்கா. நீ பேசப் போவதில்லை. பேசினால் உனக்கு வீடு, பேசாவிட்டால் கதவோரத்துப் பை. நான் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது, எனக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நான் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். என் தம்பி மறந்துவிட்டான் என்று சொல், அக்கா. என் தம்பி குடிகாரன் என்று சொல். சொல்லிவிடு. டைரக்டர் என் தோளைப் பிடித்தார், நான் நிறுத்தவில்லை. நீ எனக்குக் கொடுத்ததைப் போல இல்லை, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். உனக்குக் கேட்டிருக்காது. உன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

அத்தான் என்னைப் பார்த்து, "மறந்துட்டாளா?" என்றார்.

"இல்ல அத்தான். அக்கா எதையும் மறக்க மாட்டா" என்றேன்.

நேற்று சாயங்காலம் அரங்கத்தில் மண்டியிட்டேன், வழக்கம்போல வாயைத் திறந்தேன். இந்தத் தடவை பேசினேன். நான் வசனத்தை மறந்துவிட்டேன், என் அக்கா மூன்று தடவை எடுத்துக் கொடுத்தாள், பயத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது என்றேன். நீங்கள் எனக்குத் தட்டிய கைதட்டல் எனக்குரியது இல்லை என்றேன். ரேடியோவில் நேற்று ஒரு பெண் பேசாமல் இருந்தாள், அவளுக்கு அந்தத் தாளில் ஒரு சொல்லும் மறக்கவில்லை, தட்டுவதானால் அவளுக்குத் தட்டுங்கள் என்றேன். யாரும் தட்டவில்லை. ஒருவர் எழுந்தார், அப்புறம் எல்லோரும் எழுந்து வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். எனக்குக் குனியத் தோன்றவில்லை.

இன்று காலை அதே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு இந்த ஊர்ப் பேப்பருக்கும், மனு விசாரிக்கிறவருக்கும், உன் மரியாதைக்காரருக்கும் அனுப்பிவிட்டேன். அவருக்குத் தபாலிலேயே போட்டேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். அவருக்கு வேண்டிய மறதி என்னுடையது. அதை என் வாயாலேயே கொடுத்துவிட்டேன், உன்னை விட்டுவிடட்டும். என் மனு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அரங்கத்துத் தலைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பயம் போகவில்லை, கட்டிலுக்கு அடியில் இன்றைக்கும் குனிந்து பார்த்தேன்.

டிரைவர் இன்று வந்தார். வீடு பூட்டியிருக்கிறதாம். டீக்கடையில் அந்த ஆள் இல்லையாம், அவருடைய டம்ளர் மட்டும் கவிழ்த்து வைத்திருக்கிறதாம். மாடிப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாராம், கதவோரத்தில் பை இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். இந்தக் கடிதத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவர் என்னைக் கேட்கிறார். டைரக்டரின் மனைவி செய்த மாதிரி ஒவ்வொரு ஆபீஸாகக் கேட்கும்படி மேக்கப் அண்ணனிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கூடவே வாலு வரைந்த படம் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

உன் கட்டிலை ஜன்னல் பக்கமாகப் போட்டாயிற்று. ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்திருக்கிறேன். சலவைக் கடைச் சூடு வெளியே போக நல்லதாகவும் இருக்கிறது. வாலு அந்தக் கட்டிலில் யாரையும் உட்கார விடுவதில்லை.

ஒரு வரி எழுது, அக்கா. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் நான் எடுத்துக் கொடுக்கிறேன். வருகிறேன் என்று எழுது.

வசனத்தை மறந்த
உன் தம்பி